மணிக்கு 12 கிலோமீட்டர்

மயிலாப்பூர் தெப்பக்குளத்திலிருந்து கிண்டி சிறுவர் பூங்காவின் வாசலுக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர். ராமகிருஷ்ண மடம் சாலையில் தெற்கே போய், மந்தைவெளியைக் கடந்து, திரு.வி.க. பாலத்தில் அடையாற்றைத் தாண்டி, சர்தார் படேல் சாலையில் மேற்கே திரும்ப வேண்டும். அதன்பின் மத்திய கைலாஷ், ஐஐடி வாசல், காந்தி மண்டபம் என்று வரிசையாக வந்து, பூங்காவில் முடிந்துவிடும். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, வெயில் தணியத் தொடங்கிய பிற்பகல், கையில் சாதாரண ரோட்ஸ்டர் சைக்கிள், எங்கும் போய் நிற்க வேண்டிய அவசரமில்லை. இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய ஆய்வுக்கூடம் இவ்வளவுதான்.

அவசரமில்லை என்பதை எண்ணால் சொன்னால் மணிக்கு 12 கிலோமீட்டர். நடையைப்போல இரண்டரை மடங்கு. இந்த வேகத்தில் போகிறவரை மற்ற வண்டிக்காரர்கள் சோம்பேறி என்று நினைத்து ஹாரன் அடிப்பார்கள். அவருடைய கால்களைப் பற்றி மட்டும் பேசினால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் அதே நேரத்தில் அவர் மூளை செய்துகொண்டிருக்கும் வேலை, மணிக்கு 20 கிலோமீட்டரில் பறப்பவர் செய்வதைவிட அதிகம். மெதுவாகப் போகும் சைக்கிள் கால்களின் சுமையைக் குறைக்கிறது. கூடவே, வேகமாகப் போனால் சைக்கிளே பார்த்துக்கொள்ளும் ஒரு பொறுப்பை நம்மிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

முதலில் கால்களின் கணக்கு. ஓட்டுபவர் 65 கிலோ, சைக்கிள் 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் சைக்கிளைப் பிடித்து இழுப்பவை இரண்டு: ஒன்று டயர், மற்றொன்று காற்று. சுழலும்போது டயரின் ரப்பர் தரையில் படும் இடத்தில் நசுங்கி, மேலே போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. நசுக்கக் கொடுத்த ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. கொஞ்சத்தை வெப்பமாக வைத்துக்கொள்கிறது. நல்ல சாலையில், நன்றாகக் காற்றடித்த டயரில், இந்த இழப்பு 6.7 நியூட்டன் அளவுக்கு வரும். முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஓர் எடை ஓயாமல் பின்னால் இழுப்பதற்குச் சமம். வேகம் கூடினாலும் குறைந்தாலும் இது பெரிதாக மாறாது.

காற்று அப்படியல்ல. நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர்மேல் அது கொடுக்கும் எதிர்ப்பு மணிக்கு 12 கிலோமீட்டரில் 3.8 நியூட்டன்தான். வேகத்தை இரட்டிப்பாக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகி 15 நியூட்டனைத் தாண்டிவிடும். இழுவிசையை வேகத்தால் பெருக்கினால் கால்கள் தர வேண்டிய திறன் கிடைக்கும். 12 கிலோமீட்டர் வேகத்துக்கு 35 வாட். 24 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறத்தாழ 147 வாட். இரு மடங்கு வேகத்துக்கு நான்கு மடங்குக்கும் மேலான உழைப்பு. முன்னது ஒரு சிறிய மேசை விசிறி எடுத்துக்கொள்ளும் மின்சாரம். பின்னதைப் பழக்கமில்லாதவர் சிறிது நேரம் தரலாம். ஒரு மணி நேரம் தரச் சொன்னால் சண்டைக்கு வருவார்.

இந்த 85 கிலோவுக்கு, டயரின் பங்கும் காற்றின் பங்கும் சமமாகும் வேகம் மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர். அதற்குக் கீழே நீங்கள் ரப்பரோடு போராடுகிறீர்கள். அதற்கு மேலே காற்றோடு. ஆகவே மெதுவாகப் போகிறவருக்கு உடலைக் குனிப்பதாலோ உடலை இறுக்கும் உடையாலோ பெரிய லாபமில்லை. கடையில் நிறுத்தி டயருக்குக் காற்றடிப்பதே லாபம். காற்றிறங்கிய டயரில் உருளும் இழப்பு இரட்டிப்பானால், 35 வாட் 57 வாட் ஆகிவிடும். காற்றடைத்த டயரை 1888இல் பெல்ஃபாஸ்டில் செய்த ஜான் பாய்ட் டன்லப் ஒரு கால்நடை மருத்துவர். மகனின் முச்சக்கர சைக்கிளுக்காக அதைச் செய்தார்.

என் சைக்கிளில் முன்னால் 44 பற்கள், பின்னால் 18. பெடலை ஒரு முறை முழுதாகச் சுற்றினால் வண்டி ஐந்தரை மீட்டர் நகர்கிறது. 12 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 36 சுற்று போதும்; பேசிக்கொண்டே மிதிக்கலாம். கியர் வைத்த சைக்கிளைப் பார்த்து யாரும் ஏங்க வேண்டியதில்லை, சென்னை போன்ற தட்டையான ஊரில்.

இந்த வேகத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. சைக்கிளின் மூதாதையை ஓட்டிக் காட்டிய கார்ல் டிரைஸ், 1817 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஷ்வெட்சிங்கன் பக்கமாகச் சுமார் 7 கிலோமீட்டர் தொலைவு போய்த் திரும்பினார். இரண்டு சக்கரம், மரச்சட்டம், பெடல் கிடையாது. தரையைக் காலால் உந்தி உந்திப் போக வேண்டும். போக வர ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார். அதாவது 200 ஆண்டுகளுக்கு முன்பே, செயினும் டயரும் பால்ரஸும் இல்லாமல், நம்முடைய ஞாயிற்றுக்கிழமை வேகத்தை அவர் எட்டிவிட்டார். அந்த நாள் காட்டிய பெரிய அதிசயம் வேகமல்ல. ஒன்றன்பின் ஒன்றாக வைத்த இரண்டு சக்கரத்தின் மேல் மனிதன் விழாமல் இருக்க முடியும் என்பதே.

மந்தைவெளிக்கு வந்துவிட்டோம். இங்கே மெட்ரோ பணிக்காகப் போட்ட தடுப்புகள் சாலையை ஒடுக்கிவிட்டிருக்கின்றன. முன்னால் ஒரு ஆட்டோ, பக்கத்தில் மாநகரப் பேருந்து. வேகம் 12இலிருந்து 4க்கு இறங்குகிறது. ஹேண்டில்பார் இடமும் வலமுமாக ஆடத் தொடங்குகிறது. இந்த ஆட்டத்தைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. பொங்கல் விளையாட்டு விழாவில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் பார்க்காத ஊர் உண்டா? கால் தரையில் படக் கூடாது, கோட்டைத் தாண்டக் கூடாது, கடைசியாக வருபவருக்குப் பரிசு. முரட்டுக் கால்காரர்கள் எல்லாம் முதலிலேயே போய்ச் சேர்ந்து தோற்றுவிடுவார்கள். ஜெயிப்பது பெரும்பாலும் தபால்காரரோ பால்காரரோ.

நின்றுகொண்டிருக்கும் சைக்கிள் உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திய துடைப்பக்குச்சிதான். ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் சாய்வு தானாகவே பெருகும். மூன்றில் ஒரு விநாடிக்கு ஒரு முறை சுமார் இரண்டே முக்கால் மடங்காகும். குச்சியைக் காப்பாற்ற உள்ளங்கையைச் சாயும் பக்கம் நகர்த்துகிறோம். சைக்கிளுக்கும் அதே மருந்து. இடப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டில்பாரையும் இடப்பக்கமே திருப்ப வேண்டும். அப்போது சக்கரங்கள் வளைந்து ஓடி, நம் எடைக்குக் கீழே வந்து நிற்கும்.

எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதுதான் விஷயம். சைக்கிள் 2 டிகிரி சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாங்க, மணிக்கு 24 கிலோமீட்டரில் ஹேண்டில்பாரை அரை டிகிரி திருப்பினால் போதும். 12 கிலோமீட்டரில் 2 டிகிரி. நடை வேகத்தைவிடக் குறைந்த மூன்றரை கிலோமீட்டரில், அதாவது ரேஸ் மைதானத்தில், 22 டிகிரி! வளைவின் ஆரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வரும் வித்தியாசம் இது. ஸ்லோ ரேஸில் முன்சக்கரம் பாம்புபோல நெளிவது பதற்றத்தால் அல்ல. இயற்பியல் கேட்கும் கூலி அது. சாய்வை உணர்ந்து கை அசைய மனிதருக்கு ஏறத்தாழ கால் விநாடி பிடிக்கும். குச்சி விழுவதோ மூன்றில் ஒரு விநாடிக் கணக்கில். இந்தச் சின்ன இடைவெளியில்தான் சைக்கிள் பழகும் குழந்தை முழங்காலைச் சிராய்த்துக்கொள்கிறது. பழகிவிட்டபின் வேலை சிறுமூளைக்குப் போய்விடுகிறது. அதன்பிறகு எப்படி ஓட்டுகிறாய் என்று கேட்டால் நமக்கே பதில் தெரியாது.

வில்பர் ரைட்டுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. விமானம் கட்டும் முன் அண்ணனும் தம்பியுமாகச் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் அவர்கள். இடப்பக்கம் திரும்ப என்ன செய்கிறீர்கள் என்று பல சைக்கிள்காரர்களிடம் வில்பர் கேட்டுப் பார்த்தார். முழு உண்மையைச் சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் முதலில் ஹேண்டில்பாரை லேசாக வலப்பக்கம் திருப்ப வேண்டும். சக்கரம் வலப்பக்கம் விலக, உடல் இடப்பக்கம் சாயும், பிறகுதான் இடத்திருப்பம். ஒவ்வொரு தெருமுனையிலும் இதைச் செய்கிறோம், செய்வது தெரியாமலே.

இனி அந்தப் பொறுப்பு மாறும் கதை. ஆளில்லாத சைக்கிளை வேகமாகத் தள்ளிவிட்டால் அது உடனே விழாது; தானே ஹேண்டில்பாரைத் திருப்பித் திருப்பிச் சமாளித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடும். ஏன் என்று கேட்டால் நம் பாடப்புத்தக மனம் உடனே பம்பரத்தைக் காட்டும்: சுழலும் சக்கரம் தன் அச்சை மாற்ற விடாது, அதனால் விழாது என்று. 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் இந்த நம்பிக்கையைச் சோதித்தார். முன்சக்கரத்தோடு இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, அதை எதிர்த்திசையில் சுழலவிட்டார். இரண்டு சக்கரங்களின் பம்பர விளைவுகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. சைக்கிளை ஓட்டவே முடியாமல் போகும் என்றுதான் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் ஏறி உட்கார்ந்து சுலபமாக ஓட்டிவிட்டார். சாய்ந்த ஃபோர்க்கின் காரணமாக, ஹேண்டில்பார் அச்சு நீண்டு தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் முன்சக்கரம் தரையைத் தொடுகிறதே, அதற்கே பெரும் பங்கு என்பது அவர் முடிவு. 2011இல் டெல்ஃப்டிலும் கார்னெலிலும் இருந்த ஆய்வாளர்கள் சேர்ந்து, பம்பர விளைவும் இல்லாமல் அந்தப் பின்தள்ளலும் இல்லாமல் தானே நிற்கும் ஒரு குட்டிச் சைக்கிளைச் செய்து காட்டியபோது அந்த விளக்கமும் முழுமையில்லை என்று ஆனது. எடை எங்கே அமர்ந்திருக்கிறது என்பதும் கணக்கில் உண்டு. ஒற்றைக் காரணம் தேடுபவர்களுக்குச் சைக்கிள் பிடி கொடுப்பதில்லை.

ஆனால் ஓர் எண் கிடைத்தது. ஒரு மாதிரிச் சைக்கிளுக்கும், அதன்மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் இதே ஆய்வாளர்களில் சிலர் 2007இல் வெளியிட்ட கணக்கின்படி, வண்டி தானே நிமிர்ந்துகொள்ளும் வேகம் மணிக்கு சுமார் 15 கிலோமீட்டரில் தொடங்கி 22 அருகே முடிகிறது. வண்டிக்கு வண்டி இது மாறும். 12 கிலோமீட்டரில் போகும் நாம் அந்த எல்லைக்குக் கீழே இருக்கிறோம். வண்டி தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளாத பகுதி இது; ஒவ்வொரு கணமும் நாம்தான் காப்பாற்ற வேண்டும். எப்படிக் காப்பாற்றுகிறோம் என்பதையும் டெல்ஃப்டில் கேமரா வைத்துப் பார்த்தார்கள். உடலைச் சாய்த்துச் சமாளிப்பது மிகக் குறைவு. கிட்டத்தட்ட எல்லாமே ஹேண்டில்பார்தான். வேகம் மிகவும் குறையும்போது மட்டும் முழங்கால்கள் பக்கவாட்டில் விரிந்து உதவிக்கு வருகின்றன. மந்தைவெளி நெரிசலில் எந்தப் பெரியவர் ஓட்டுவதையும் கவனியுங்கள், முழங்கால் விரிவது தெரியும்.

காற்று ஆதிக்கம் செலுத்தத் தொடங்கும் வேகமும், சைக்கிள் தானே நிற்கத் தொடங்கும் வேகமும் ஏறத்தாழ ஒரே இடத்தில், 15க்கும் 16க்கும் அருகே வந்து விழுவது தற்செயல்தான். ஆனாலும் பயனுள்ள தற்செயல். அந்தக் கோட்டுக்கு மேலே கால் உழைக்கிறது, கைக்கு ஓய்வு. கீழே நேர்மாறு.

சிக்னல்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. நின்ற நிலையிலிருந்து 12 கிலோமீட்டர் வேகத்துக்கு வர 470 ஜூல் வேண்டும்; 45 மீட்டர் தூரம் ஓட்டும் செலவு. பிரேக் பிடிக்கும்போது அது அத்தனையும் ரிம்மில் சூடாகித் தொலைகிறது. 24 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நின்றால் தொலைவது நான்கு மடங்கு. நகரத்துக்குள் வேகமாக மிதிப்பவர் சிவப்பு விளக்கில் எரிப்பதற்காகவே ஆற்றலைச் சேர்க்கிறார்; பிறகு அதே விளக்கில் நம்மோடு சேர்ந்து நிற்கிறார்.

திரு.வி.க. பாலத்தின் மேல் ஏறியதும் வானம் திறக்கிறது. இடப்பக்கம் ஆற்றின் முகத்துவாரம், அதற்கப்பால் கடல். தை மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வரும்; தெற்கே போகிற நமக்கு முதுகைத் தள்ளும் காற்று. ஆனால் தள்ளுவது தெரியாது. பின்காற்று மணிக்கு 8 கிலோமீட்டர் என்றால், நமக்கும் காற்றுக்கும் உள்ள வேக வித்தியாசம் வெறும் 4. எதிர்ப்பு அரை நியூட்டனுக்கும் கீழே இறங்கி, 24 வாட்டில் வண்டி ஓடுகிறது. இன்றைக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று தோன்றும். கூடவே வியர்க்கவும் செய்யும், ஏனென்றால் முகத்தில் காற்று படவில்லை.

பாலம் இறங்கி அடையாறு சந்திப்புக்கு வந்தால் மேம்பாலம் நிற்கிறது. நாம் சர்தார் படேல் சாலைக்குத் திரும்ப வேண்டியவர்கள், கீழேயே போகலாம். எந்த மேம்பாலமானாலும் 5 மீட்டர் உயரம் ஏற 4,000 ஜூலுக்கு மேல் செலவாகும்; அது சமதளத்தில் 400 மீட்டர் ஓட்டும் செலவு. அதில் பெரும்பகுதி இறக்கத்தில் திரும்பக் கிடைக்கும், பிரேக் பிடிக்காதவருக்கு.

சர்தார் படேல் சாலையின் மேற்குப் பகுதியில் தூங்குமூஞ்சி மரங்களும் புங்கையும் வேம்பும் தலைக்குமேல் வருகின்றன. உடலின் வெப்பக் கணக்கை இங்கே பார்த்துவிடலாம். தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமே பெடலுக்குப் போகிறது, மிச்சம் வெப்பம். 12 கிலோமீட்டர் வேகத்தில் உடல் வெளியேற்ற வேண்டிய வெப்பம் சுமார் 200 வாட். 24இல் 600. ஒரு கிராம் வியர்வை ஆவியானால் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துப் போகும். முழுச் சுமையையும் வியர்வையே தாங்குவதானால், மெதுவாகப் போகிறவருக்கு மணிக்கு 300 மில்லி, வேகமாகப் போகிறவருக்கு 900. சென்னையின் ஈரக்காற்றில் இந்த 900 ஆவியாகாமல் சட்டையில் ஊறி வழியும். அலுவலகத்துக்குச் சைக்கிளில் போனால் நாற்றம் என்று சொல்பவர்களுக்கு என் ஆலோசனை, பத்து நிமிடம் முன்னால் கிளம்புங்கள் என்பதுதான்.

மரமும் அதே வேலையைத்தான் செய்கிறது. இலைத்துளைகள் வழியே நீரை ஆவியாக்கித் தன்னையும் சுற்றியுள்ள காற்றையும் குளிர்விக்கிறது. ஆனால் சைக்கிள்காரருக்கு அதைவிடப் பெரிய உதவி நிழல். நேர்வெயில் சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட் வரை கொட்டும். சித்திரை மாத நண்பகலில் தார்ச்சாலை 50 டிகிரியைத் தாண்டிச் சுடும். உள்ளே எரியும் 200 வாட்டோடு வெளியிலிருந்து வருவதையும் சேர்த்தால், மெதுவாக ஓட்டிச் சேமித்த லாபம் மரமில்லாத ஒரு தெருவிலேயே கரைந்துபோகும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஊரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அதற்கு அடுத்த கோடையில் நகரத்துக்குள் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு நிழலின் விலை தெரியும்.

பூங்கா வந்துவிட்டது. சிறுவர் பூங்காவை அடுத்து, ராமுலஸ் விட்டேக்கர் 1972இல் தொடங்கிய பாம்புப் பண்ணை, பின்னால் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிண்டி தேசியப் பூங்கா, அதில் வெளிமானும் புள்ளிமானும். வெளிமான் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது. ஆனால் ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எவ்வளவு ஆற்றல் என்று கேட்டால், வேலிக்கு உள்ளே இருப்பவை எல்லாம், மானும் பாம்பும் பறவையும், வாசலில் சைக்கிளைப் பூட்டிவிட்டு வருகிறவரிடம் தோற்றுவிடும். 1973இல் ஆக்ஸ்ஃபோர்டின் எஸ். எஸ். வில்சன் இந்த ஒப்பீட்டை விரிவாக எழுதினார்: நடப்பவருக்கு ஆகும் செலவில் ஐந்தில் ஒரு பங்குதான் சைக்கிள்காரருக்கு. காரணம் எளிது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலைத் தூக்கி இறக்குகிறோம், காலை வீசி நிறுத்துகிறோம். சைக்கிளில் எடையைச் சீட்டு தாங்குகிறது, தொடை மட்டும் சுற்றுகிறது. நாம் வந்த 7 கிலோமீட்டருக்கு, உடல் சும்மா இருந்தாலும் எரிப்பதை விட்டுவிட்டால், செலவு 80 கிலோகலோரிக்குள். இரண்டு இட்லி.

திரும்பும் வழியில் அதே காற்று முகத்துக்கு நேரே வரும். போகும்போது அது தந்த சலுகை 3.4 நியூட்டன், வரும்போது கேட்கும் வரி 6.8. காற்றின் கணக்கில் போக்கும் வரவும் ஒருபோதும் சரிக்குச் சரியாகாது, வர்க்கம் அதை அனுமதிக்காது. பிடிவாதமாக 12 கிலோமீட்டரிலேயே வருவதானால் 58 வாட் ஆகும். வேகத்தை 9க்குக் குறைத்தால் 36 வாட், ஏறக்குறைய காற்றே இல்லாத நாளின் உழைப்பு. வீடு போய்ச் சேர 12 நிமிடம் அதிகம் பிடிக்கும். ஹேண்டில்பார் இன்னும் கொஞ்சம் ஆடும். அதைக் கைகள் பார்த்துக்கொள்ளும்.